செங்கோட்டை வீட்டுக்கு எந்தச் சுவர்க்கடிகாரம்?

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் ஆசையாக வாங்கி வருவது ரேடியோ கடிகாரம். ஜெர்மனியில் பிராங்பர்ட் அருகேயுள்ள மைன்பிளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வரும் சிக்னலைப் பிடித்துத் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும். ஆனால் அதன் எல்லை சுமார் 2,000 கிலோமீட்டர்தான். செங்கோட்டைக்கு எட்டாது. இங்கே அது சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம். மாதத்துக்குச் சில விநாடிகள் பிசகும். உலகப் பொது நேரத்துக்கும் (UTC) நமக்கும் உள்ள ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் அந்த அரை மணியை வைக்கவே சில மாடல்களில் வழியிருக்காது. வாங்கி வரச் சொல்லுமுன் இதைக் கேட்டுவிடுங்கள்.

வைஃபை கடிகாரம் இணையத்திலிருந்து நேரம் எடுக்கும். இங்கே சரியாக ஓடுவது இதுதான். கரண்ட் போய் ரூட்டர் அணைந்தால் திருத்தம் நிற்கும், அவ்வளவே.

சில கடிகாரங்கள் வானிலையும் காட்டும். அதில்தான் எனக்கு மனம் மாறுகிறது. இணையம் காட்டுவது ஊருக்குப் பொதுவான கணக்கு. ஆரியங்காவு கணவாய் வழியே வரும் ஆனிச் சாரல் ஒரு தெருவில் தூறும், அடுத்த தெருவில் வெயிலடிக்கும். கொல்லைப்புறத்தில் மாட்டும் வெளி சென்சார் நம் வீட்டின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சொல்லும். நெல் காயப்போட அதுதான் வேண்டும். ஆகவே வெளி சென்சாரோடு வரும் வைஃபை கடிகாரத்தையே வாங்குங்கள். சென்சாரை வெயிலும் சாரலும் நேராகப் படாத இடத்தில், கூரை நிழலில் மாட்டுங்கள்.