கிரிக்கெட் பார்க்க: கட்டணச் சேனலா, இலவச ஒளிபரப்பா?

அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து மலையூர்களில் கேபிள் எட்டாத வீடுகள் உண்டு. அங்கே கிரிக்கெட் வருவது ஓட்டுக்கூரை ஓரத்தில் மாட்டிய டி.டி. ஃப்ரீ டிஷ், அதாவது தூர்தர்ஷனின் இலவச செயற்கைக்கோள் சேவை, தட்டு வழியாகத்தான். தட்டுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவு. மாதக் கட்டணம் இல்லை. தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவிக்கும் போட்டிகளை, ஒளிபரப்பு உரிமை வாங்கிய நிறுவனம், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்கிறது 2007 சட்டம். இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்கள் அப்படித்தான் அந்த வீடுகளுக்கு வருகின்றன. விளம்பர வருவாயில் நிறுவனத்துக்கு 75 சதவீதம், பிரசார் பாரதிக்கு 25.

கட்டணச் சேனலில் ஹெச்.டி. தெளிவு, தமிழ் வர்ணனை, ஐ.பி.எல். எல்லாம் உண்டு. பந்து மட்டையின் விளிம்பை உரசியதா என்று மெதுவாக ஓட்டிக் காட்டும்போது அந்தத் துல்லியத்தின் அருமை தெரியும். ஓசூரில் மாதச் சம்பளம் வாங்குபவருக்குக் கட்டணம் பாரமில்லை. பாலக்கோட்டில் தக்காளி விலை சரிந்த மாதம், விவசாயி முதலில் நிறுத்துவது ரீசார்ஜைத்தான்.

எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. பகிர்ந்த ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தன் தரைவழியிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே தரலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் கேபிள் வீட்டில் தூர்தர்ஷன் தெரியும், அந்த ஆட்டம் தெரியாது. மக்கள் பணத்தில் நடக்கும் சேனலுக்கு இந்த வேலி எதற்கு?

இந்திய அணியின் ஆட்டம் போதுமென்றால் ஃப்ரீ டிஷ் வாங்குங்கள். ஐ.பி.எல். வேண்டுமென்றால் அந்தப் பருவத்துக்கு மட்டும் விளையாட்டுச் சேனலைச் சேர்த்து, முடிந்ததும் நீக்கச் சொல்லுங்கள்.