டச் கடையில் கல்லை வைத்துப் பிளாட்டினம் பார்க்கலாமா? செவ்வாய்ப்பேட்டை ‘கல் டெஸ்ட்’

கொலுசு வெள்ளிக்கு டச் (உலோகத்தின் சுத்தம்) பார்க்க சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் இந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். கட்டியின் ஓரத்தைச் சுரண்டிவிட்டு மேடையில் வைக்கிறார்கள், ஒரு நிமிடத்துக்குள் சீட்டு வந்துவிடுகிறது, இரண்டாம் முறை வைத்தாலும் எண் பெரிதாக நகர்வதில்லை. வெள்ளிக்கு முழு மதிப்பெண்.

ஆனால் அதே மெஷினில் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்துக் கறுப்புக் கல்லையும் வைத்து, பிளாட்டினம் இருக்கிறதா என்று பார்க்க, ‘கல் டெஸ்ட்’ என்று காசு வாங்குகிறார்கள். இங்கே எழுதுவது அந்தச் சேவையைப் பற்றி.

சித்தம்பூண்டியில் பிளாட்டினம் என்பது வெறும் புரளி அல்ல. சந்திரயானுக்கு நிலா மண் போலச் செய்ய இஸ்ரோ எடுத்த அதே அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறைக்குள் குரோமைட் (குரோமியமும் இரும்பும் கலந்த கறுப்புத் தாது) பட்டை பட்டையாக ஓடுகிறது. பிளாட்டினம், பல்லேடியம் வகை உலோகங்களை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையே அங்கே தேடியிருக்கிறது. விஷயம் அளவில்தான். 1 பிபிஎம் என்றால் டன்னுக்கு 1 கிராம். தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டில் டன்னுக்குச் சில கிராம் கிடைத்தாலே சுரங்கம் ஓடுகிறது. கடைச் சீட்டில் ‘பிளாட்டினம் 0.40’ என்று வந்தால் அது சதவீதம், அதாவது டன்னுக்கு 4 கிலோ. அப்படி ஒரு பாறை இருந்தால் சித்தம்பூண்டியில் இந்நேரம் ஆடு மேய இடம் இருக்காது.

பிறகு எண் எப்படி வருகிறது? டச் மெஷின் நகைக்காக அமைத்த எக்ஸ்ரே கருவி. தன் பட்டியலில் உள்ள உலோகங்களை மட்டும் தேடி, கிடைத்ததையெல்லாம் கூட்டி 100 ஆக்கிவிடும். கல்லின் பெரும்பகுதி ஆக்சிஜன், சிலிக்கான், அலுமினியம், மக்னீசியம். இவை அதன் கண்ணுக்கே படாது. மீதியிருக்கும் துளியை ஊதிப் பெருக்கி 100 என்று காட்டும்போது கருவியின் இரைச்சல்கூட (பொருளில்லாத சிறு சமிக்ஞை) உலோகமாகிவிடும்.

அடுத்தது, கோடுகளின் நெருக்கம். எக்ஸ்ரே பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிர் விடும், அதுதான் அதன் கோடு. அந்த ஆற்றலை அளக்கும் அலகு கே.இ.வி. பிளாட்டினத்தின் எக்ஸ்ரே கோடு 9.44 கே.இ.வி.யில் விழும். துத்தநாகத்தின் இரண்டாம் கோடு 9.57, காலியம் 9.25. குரோமைட்டில் துத்தநாகம் சிறிதளவு இருப்பது சகஜம். விலை குறைந்த டச் மெஷின்கள் பலவற்றில் இருப்பது புரொபோர்ஷனல் கவுண்டர் என்ற, கோடுகளைக் கூர்மையாகப் பிரிக்காத டிடெக்டர். இந்த மூன்றும் அதற்கு ஒரே மேடுதான். எஸ்.டி.டி. என்ற கூர்மையான சிலிக்கான் டிடெக்டர் இருந்தால் ஓரளவு பிரிக்கும். அதிலும் பட்டியலில் காலியம் இல்லையென்றால் அந்தக் கோடு பக்கத்து வீட்டுப் பெயரில்தான் பதிவாகும்.

இதில் ஒரு வேடிக்கை. ஏற்காட்டு பாக்சைட்டை எடுத்துப் போனால் அதில் உண்மையிலேயே இருக்க வாய்ப்புள்ள அரிய உலோகம் காலியம்தான். அலுமினியத்தின் இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். பாக்சைட்டில் பொதுவாக 50 பிபிஎம் அளவில் இருக்கும். சுரங்க வேலைக்கான, கைத்துப்பாக்கி வடிவ நல்ல எக்ஸ்ரே கருவி (எக்ஸ்.ஆர்.எஃப்.) அதைப் பிடித்துவிடும். டச் மெஷின் பிடிக்காது. பிடித்தாலும் பெயர் மாற்றிச் சொல்லும்.

மேடையையும் பாருங்கள். நாள் முழுக்க வெள்ளி சுரண்டிய தூள் அதில் ஒட்டியிருக்கும். சொரசொரப்பான கல் அதை வாரிக்கொள்ளும், சீட்டில் ‘வெள்ளி’ வந்து நிற்கும். போதாக்குறைக்குக் கதிர் படுவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பொட்டு. ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கைப்பிடிக் கல்லில் அந்தப் பொட்டு எதைச் சொல்லிவிடும்?

சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் வழி நீளம். மேல்தோல் உதிர்ந்த கல் வேண்டாம், உடைத்த புதுமுகத்திலிருந்து ஓர் இடத்துக்கு 2, 3 கிலோ. மாதிரி எடுக்கும்போது கையில் மோதிரம் கூடாது. 2 மி.மீ.க்கு உடைத்து, குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கூறு இரண்டை மட்டும் சேர்த்து மறுபடி குவிக்க வேண்டும். கடைசிக் கூறை 75 மைக்ரானுக்கு அரைக்கச் சொல்லுங்கள். டங்ஸ்டன் கார்பைடு கிண்ணம் டங்ஸ்டனைத் தூளில் விட்டுவிடும். அதன் கோடு 9.67, தங்கத்தின் கோடு 9.71. அந்தத் தூளை மறுபடி எக்ஸ்ரேயில் வைத்தால் இல்லாத தங்கம் தெரியும்.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியது நிக்கல் சல்ஃபைடு ஃபயர் அசே (தூளை உருக்கி, விலையுயர்ந்த உலோகங்களை நிக்கல் சல்ஃபைடு உருண்டையில் சேர்க்கும் முறை), பிறகு அவற்றை நுட்பமாக அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவி. ஈயத்தில் சேர்க்கும் முறை தங்கம், பிளாட்டினம், பல்லேடியத்துக்கு ஆகும். பிளாட்டினக் குடும்பத்தின் ஆறு உலோகமும் வேண்டுமென்றால் நிக்கல் சல்ஃபைடுதான். குரோமைட் லேசில் உருகாது. வழக்கமான 30 கிராமைப் போட்டால் உருகாத மணிகள் கசடிலேயே தங்கி எண் குறைந்துவிடும். ‘குரோமைட் கல்’ என்று முன்கூட்டியே சொல்லி, எடையைக் குறைத்து, உருக உதவும் போராக்ஸைக் கூட்டச் சொல்லுங்கள். ராஜதிராவகத்தில் மட்டும் கரைத்துத் தரும் ரிப்போர்ட்டை இந்தக் கல்லுக்கு வாங்காதீர்கள். ஒரே தூளை இரண்டு எண் போட்டு அனுப்புவது நல்லது. இரண்டின் முடிவும் வெகுவாக வேறுபட்டால் உலோகம் துணுக்குத் துணுக்காக இருக்கிறது, அல்லது அரைத்தது போதவில்லை.

இந்தக் கடைக்கே போவதாக இருந்தால் வழியில் ஒரு சுத்தமான வெங்கச்சங்கல்லையும் (வெள்ளைக் குவார்ட்ஸ்) பொறுக்கிக்கொள்ளுங்கள். முதலில் அதை வைக்கச் சொல்லுங்கள். அதிலும் பிளாட்டினம் வந்தால் கறுப்புக் கல்லைப் பையிலிருந்து வெளியே எடுக்க வேண்டியதே இல்லை.