மண்ணா, மாடமா, மண்டபமா? புலம்பெயர்ந்த இத்தாலியரின் கல்லறைக் கணக்கு

நேப்பிள்ஸ் நகரில் 1762ஆம் ஆண்டு ஃபெர்தினாந்தோ ஃபூகா என்ற கட்டடக் கலைஞர் ஏழைகளுக்காக ஓர் இடுகாடு கட்டினார். வரிசை வரிசையாக 366 குழிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று, லீப் ஆண்டின் உபரி நாளுக்கும் சேர்த்து. அன்றன்றைக்குரிய குழியின் கல்மூடியைத் தூக்குவார்கள், அன்று இறந்த ஏழைகளை உள்ளே இறக்குவார்கள், மூடிவிடுவார்கள். அதே குழி மறுபடி திறப்பது அடுத்த ஆண்டு அதே தேதியில்தான். 1890 வரை இது நடைமுறையில் இருந்தது. அங்கே போனவர்களுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை. தேதி மட்டும் உண்டு.

அமெரிக்கக் கல்லறைத் தோட்டங்களில் இத்தாலியர் பகுதியை மட்டும் ஏன் பளிங்குச் சிற்பமும் வெண்கலக் கதவுமாக இழைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த 366 குழிகளைப் பற்றித்தான். 1880க்கும் 1920க்கும் இடையில் ஏறத்தாழ நாற்பது லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் தென்னித்தாலியின் ஏழைகள். பெயரில்லாமல் போவது அவர்கள் கேள்விப்பட்ட கதை அல்ல, பாட்டன் பாட்டிக்கு நேர்ந்தது. கல்லறைக்குச் செலவழிப்பதை ஆடம்பரம் என்று பேசுகிறவர்கள் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேரெதிர் முனையில் வட இத்தாலியின் ஜெனோவா இருக்கிறது. 1851இல் திறந்த ஸ்தால்யேனோ கல்லறைத் தோட்டத்தில் கத்தரீனா கம்போதோனிகோ என்ற பெண்ணின் ஆளுயரச் சிலை நிற்கிறது. திருவிழாக்களில் கொட்டைச் சரங்களும் வளைய ரொட்டியும் விற்றுப் பிழைத்தவர் அவர். விற்ற காசைச் சேர்த்து, உயிரோடு இருக்கும்போதே, 1881இல், லொரென்சோ ஒரெங்கோ என்ற சிற்பியிடம் தன் சிலையைச் செய்யச் சொன்னார். கையில் அதே கொட்டைச் சரம், அதே ரொட்டி. உடுத்தியிருக்கும் நல்லாடையின் லேஸ் பின்னலைச் சிற்பி ஓட்டை ஓட்டையாகச் செதுக்கியிருக்கிறார். பணக்காரக் குடும்பங்களின் சிலைகளுக்கு நடுவே, தான் விற்ற சரக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, கடல் கடந்து போன இத்தாலியர்களுக்கு முன்னால் இருந்த வழிகளை ஒன்றோடொன்று நிறுத்திப் பார்க்கிறேன். என் அளவுகோல் ஒன்றே ஒன்று: பேரப்பிள்ளைகள் வருவது நின்றுபோன பிறகும் அந்த மனிதரின் பெயர் நிற்குமா?

ஊரில் இருந்த கணக்கு

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இத்தாலியில் நடப்பதைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் புலம்பெயர்ந்தவர்களின் தேர்வு புரியாது. இத்தாலியில் மண்ணில் புதைத்தால் அது பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்குத்தான். பிறகு தோண்டி, எலும்புகளை எடுத்து, சிறு பெட்டியில் போட்டு, எலும்பு மாடத்திலோ குடும்ப இடத்திலோ வைத்துவிடுவார்கள். குழி அடுத்தவருக்கு. காசு சேர்த்தவர்கள் சுவரில் இடம் வாங்குவார்கள். ‘லோகுலோ’ என்பது அதன் பெயர். அடுக்குமாடி போல நான்கைந்து வரிசையாக எழும் சுவர். ஒவ்வொரு மாடத்திலும் ஒரு சவப்பெட்டி. முகப்பில் பளிங்குப் பலகை, பீங்கானில் சுட்டெடுத்த நீள்வட்டப் புகைப்படம், பித்தளைப் பூக்குவளை, ஓயாமல் எரியும் சிறு விளக்கு. பெட்டி மரத்தால் ஆனது. கூடவே பற்றவைத்து மூடிய துத்தநாக உறையும் சட்டப்படி வேண்டும். இந்த மாடமும்கூட நிரந்தரமில்லை. 1975ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு புதிதாக யாருக்கும் நிரந்தர உரிமை கிடையாது. அதிகபட்சம் 99 ஆண்டுகள். அதற்கும் மேலே, வசதியான வீட்டாருக்கு ‘கப்பெல்லா’, அதாவது குடும்பக் கல்லறை மண்டபம்.

ஆக, ஊரில் மண் என்றால் குறுகிய காலக் குத்தகை, சுவர் என்றால் கௌரவம், மண்டபம் என்றால் செல்வாக்கு. இந்த ஏணிப்படியை மனதில் சுமந்துகொண்டுதான் அவர்கள் கப்பலேறினார்கள். போய் இறங்கிய நாட்டிலோ கணக்கு வேறாக இருந்தது. அமெரிக்கக் கல்லறைத் தோட்டங்களில் வாங்கிய குழி பெரும்பாலும் என்றென்றைக்கும் உரியது. யாரும் தோண்ட மாட்டார்கள். ஊரில் பெரும் பணக்காரர்கள் மட்டுமே கனவு கண்ட நிரந்தரம், இங்கே நியூயார்க்கின் கூலித் தொழிலாளிக்கும் கைக்கு எட்டியது. (எல்லா நாட்டுக்கும் இது பொருந்தாது. இத்தாலியர் நிறைய வாழும் தெற்கு ஆஸ்திரேலியாவில் கல்லறை உரிமைக்குக் கால வரம்பு உண்டு.) ஆனால் மனதில் பதிந்த ஏணிப்படி அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை.

சங்கத்துக் கல்லறை

வந்த புதிதில் கைகொடுத்தது பரஸ்பர உதவிச் சங்கம். மாதாமாதம் சிறு சந்தா. நோய்ப்பட்டால் உதவி, இறந்தால் முறையான இறுதிச் சடங்கு. சொந்தமில்லாத ஊரில் அநாதைப் பிணமாகிவிடக் கூடாது என்ற ஒரே பயம்தான் இவ்வளவு சங்கங்களையும் தோற்றுவித்தது என்று சொன்னாலும் மிகையில்லை.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், செயின்ட் லூயிஸ் முதலாம் கல்லறைத் தோட்டத்தில் இத்தாலியச் சங்கத்தின் கல்லறை 1857இல் எழுந்தது. பியெத்ரோ குவால்தி வடிவமைத்தது. வட்டமான வெண்பளிங்குக் கட்டடம். சுவர்க்குழிவுகளில் இத்தாலியைப் பெண்ணாக உருவகித்த சிலை, ஈகையை உருவகித்த சிலை. உச்சியில் சிலுவை ஏந்திய உருவம். இத்தாலி ஒரே நாடாக ஒன்றுசேர்ந்தது 1861இல்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டின் பெயரில், சிசிலிக்காரரும் ஜெனோவாக்காரரும் அயலூரில் பக்கத்துப் பக்கத்து மாடங்களில் படுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால் அந்த ஊர் வழக்கம் ஒன்று உண்டு. ஓர் ஆண்டும் ஒரு நாளும் கழிந்த பிறகு மாடத்தைத் திறந்து, மக்கிய பெட்டியை அகற்றி, எலும்புகளைக் கீழே உள்ள பொது அறைக்குத் தள்ளிவிடுவார்கள். மாடம் அடுத்த உறுப்பினருக்குத் தயார். சில பத்து மாடங்களில் பல தலைமுறைகள் அடங்கிவிடும். குறைந்த செலவு, நிறைந்த மரியாதை. ஆனால் எலும்பு எலும்போடு கலக்கிறது, சங்கத்தின் பெயர் நிற்கிறது, ஆளின் பெயர் கரைகிறது. 366 குழிகளிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு இது பாதி விடுதலைதான். தனியே கிடக்கவில்லை என்ற ஆறுதல் மீதிப் பாதி.

குடும்ப மண்டபம்

அடுத்து, எல்லாரும் படம் பிடிக்கும் குடும்ப மண்டபம். சிகாகோவுக்குப் பக்கத்தில் ஹில்சைடில் உள்ள மவுன்ட் கார்மெல் கல்லறைத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான மண்டபங்கள் தெருவில் வீடுகள் போல நிற்கின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு குடும்பப் பெயர். உள்ளே இரு பக்கமும் அடுக்கு மாடங்கள், எதிரே சிறு பீடம், வண்ணக் கண்ணாடிச் சன்னலில் குடும்பத்தின் காவல் புனிதர். பிறந்த கிராமத்தில் சொந்த வீடு இல்லாதவருக்கு இங்கே கல்லால் ஒரு வீடு. தாத்தா, பாட்டி, மகன், மருமகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். கூட்டுக் குடும்பமாக வாழ்ந்து பழகியவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அழகில் இதற்கு இணையில்லை. ஆனால் கூரை உள்ள எதற்கும் பராமரிப்பு வேண்டும். மழைநீர் கசியும், வெண்கலக் கதவு பச்சை பூக்கும், வண்ணக் கண்ணாடி உடையும். தோட்டத்து நிர்வாகம் புல்லை வெட்டும். மண்டபத்துக்குள் ஒழுகினால் குடும்பம்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் தலைமுறை கலிஃபோர்னியாவில், நான்காம் தலைமுறைக்குக் குடும்பப் பெயரே மாறிவிட்டது. சாவி யாரிடம் இருக்கிறது?

அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில், ரெகொலேத்தா கல்லறைத் தோட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கண்முன்னே இருக்கிறது. 1822இல் தொடங்கிய அந்தத் தோட்டத்தை 1881இல் சீரமைத்தவர் இத்தாலியில் பிறந்த ஹுவான் அந்தோனியோ புஸ்கியாசோ. அங்கே கிடப்பவர்கள் எல்லாரும் இத்தாலிய வம்சம் அல்லர். ஆனால் இத்தாலியக் கை பல இடங்களில் தெரியும். பளபளக்கும் மண்டபத்துக்கு அடுத்த மண்டபத்தில் கண்ணாடி உடைந்து, தூசி படிந்த பெட்டி தெருவிலிருந்தே தெரிகிறது. பூட்டு துருப்பிடித்திருக்கிறது. பெயர் என்னவோ கல்லில் இருக்கிறது. ஆனால் இறந்தவரை இப்படி வழிப்போக்கர் எட்டிப் பார்க்கும்படி விட்டதற்கு, பெயரில்லாக் குழியே தேவலை என்று தோன்றிவிடும். ஆள்பலம் உள்ள குடும்பத்துக்கு மட்டுமே மண்டபம். அந்தப் பலம் எத்தனை தலைமுறை நிற்கும் என்று கட்டுகிறவரால் சொல்ல முடியாது.

மாடக் கல்லறை

ஊரின் லோகுலோவே வெளிநாட்டில் புது வடிவம் எடுத்தது. கல்லறைத் தோட்டங்களே பெரிய கட்டடங்களைக் கட்டி, மாடம் மாடமாக விற்கத் தொடங்கின. மெல்பர்னின் இத்தாலியப் பகுதியான கார்ல்டனை ஒட்டிய பொதுக் கல்லறைத் தோட்டத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. டொரன்டோவை அடுத்த உட்பிரிட்ஜிலும் இருக்கிறது.

விலை வரிசையைப் பொறுத்தது. கண்ணுக்கு நேராக இருக்கும் வரிசைக்கு விலை அதிகம். உச்சி வரிசை மலிவு. இத்தாலியில் இதற்காகவே சக்கரம் வைத்த உயரமான ஏணிகள் சுவரோரம் நிற்கும். நம் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று சொல்லும் நவம்பர் 2ஐ ஒட்டி அந்த ஏணிகளுக்குக் கிராக்கி அதிகம். ஒரு கையில் சாமந்திக் கொத்து, மறு கையால் கம்பியைப் பிடித்து மேலே ஏறி, குவளையில் காய்ந்ததை எடுத்து, புதியதைச் செருகி, பீங்கான் படத்தை முந்தானையால் துடைப்பதுபோல் ஈரத் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு இறங்குவார்கள். (அங்கே சாமந்தி இறந்தவர்களுக்கான பூ. இத்தாலியர் வீட்டு விருந்துக்கு அதை வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.)

மாடத்தின் நிறைகள் உண்மையானவை. பராமரிப்பு நிர்வாகத்தின் பொறுப்பு. கனடாவின் பனிக்காலத்தில் முழங்கால் வலியோடு வரும் பெண்மணி உறைந்த தரையில் மண்டியிட வேண்டியதில்லை. கூரையின் கீழே நாற்காலி போட்டு ஜெபமாலை சொல்லலாம். கணவனும் மனைவியும் அடுத்தடுத்து இருக்கலாம். குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: எல்லாம் ஒரே அளவு, ஒரே எழுத்து, ஒரே பித்தளை. யார் கொத்தனார், யார் கொட்டை விற்றவர் என்று தெரியாது. பெயர் பத்திரமாக இருக்கும். அந்தப் பெயருக்குரிய ஆள் இருக்க மாட்டார்.

தகனத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பாவின் முதல் நவீனத் தகனச்சாலைகளில் ஒன்று மிலானில் 1876இல் வந்தது. திருச்சபை 1886இல் தடை விதித்து, 1963இல் தளர்த்தியது. அஸ்தியைத் தூவவோ வீட்டில் வைத்திருக்கவோ கூடாது என்று 2016இல் மறுபடி வலியுறுத்தியது. இன்று வட இத்தாலியில் தகனம் சாதாரணம். புலம்பெயர்ந்த முதியவர்களோ தாங்கள் கிளம்பிய காலத்து இத்தாலியையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் எனக்கு வியப்பில்லை.

மண்ணும் கல்லும்

என் கை நீள்வது கடைசி வழியை நோக்கி: மண்ணில் புதைத்து, மேலே அந்த ஆளுக்கென்றே செதுக்கிய கல். ஊரில் மண்ணை வெறுக்கக் காரணம் இருந்தது. தோண்டாத நாட்டில் அந்தக் காரணம் இல்லை. மவுன்ட் கார்மெலிலேயே, மண்டபங்களை விட்டு மக்கள் தேடிப் போவது மண்ணில் கிடக்கும் ஓர் இளம்பெண்ணை. 1921இல் பிரசவத்தில் இறந்தவர். மணக்கோலத்தில் ஆளுயரச் சிலையாக நிற்கிறார். தாயே கேட்டு, ஆறு ஆண்டுகள் கழித்துத் தோண்டியபோது உடல் அழியாமல் இருந்தது என்று சொல்லி, பெட்டிக்குள் எடுத்த படத்தையும் கல்லில் பதித்திருக்கிறார்கள். மகளின் முகம் மறக்கக் கூடாது என்று ஒரு தாய் போராடியிருக்கிறார்.

ஆனால் இந்த வழியின் உச்சம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தின் பாரி நகரில் இருக்கிறது. இத்தாலியின் கராராவிலிருந்தும் லொம்பார்தியிலிருந்தும் வந்த கல்தச்சர்களின் ஊர். அங்குள்ள ஹோப் கல்லறைத் தோட்டம் 1895இல் தொடங்கியது. ஊரின் சாம்பல்நிறக் கருங்கல்லே எங்கும். அதில் எலியா கோர்த்தியின் கல். விஜ்ஜு என்ற ஊரிலிருந்து வந்த சிற்பி. 1903 அக்டோபரில் தொழிலாளர் மன்றத்தில் அராஜகவாதிகளுக்கும் சோசலிஸ்டுகளுக்கும் மூண்ட சண்டையில் குண்டு பாய்ந்து இறந்தார். அவருடைய சகோதரரும் மைத்துனரும் சேர்ந்து அவரை ஒரே கல்லில் செதுக்கினார்கள். முறிந்த தூணருகே உட்கார்ந்திருக்கிறார். கோட்டின் மடிப்பு, பொத்தான், காலணியின் சுருக்கம் எல்லாம் கருங்கல்லில். காலடியில் அவருடைய உளி, சுத்தியல், மூலைமட்டம், கவராயம். கதவில்லை, பூட்டில்லை, கூரையில்லை, ஒழுக எதுவுமில்லை. சொந்தக்காரர் ஒருவரும் வராவிட்டாலும், அந்தப் பக்கம் போகும் யாருக்கும் அவர் யார், என்ன வேலை செய்தார் என்று தெரிந்துவிடுகிறது.

இதற்கும் ஒரு விலை இருந்தது. குளிருக்காக மூடிய கொட்டகைகளில், காற்றழுத்தக் கருவிகள் கிளப்பிய கருங்கல் தூசியைச் சுவாசித்து எத்தனையோ தச்சர்கள் நுரையீரல் இறுகி இளம் வயதிலேயே இறந்தார்கள். தூசியை உறிஞ்சும் கருவிகள் எல்லாக் கொட்டகைக்கும் வருவதற்குள் ஒரு தலைமுறையே போய்விட்டது. லூயி புரூசா என்ற சிற்பி 1937இல் அப்படித்தான் இறந்தார். அவருடைய கல்லும் அதே தோட்டத்தில் இருக்கிறது. மூச்சுக்குத் தவிக்கும் ஒரு மனிதர் பின்னால் சாய்கிறார். ஒரு பெண் அவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள்.