பழைய மடிக்கணினி பேட்டரி செல்கள்: மூன்று ஆண்டு அனுபவம்

செத்துப்போனதாகத் தூக்கிப் போடப்படும் மடிக்கணினி பேட்டரிக்குள் பல நேரங்களில் ஒரு ஜோடி செல்தான் செத்திருக்கும். ஆறு செல் பேட்டரியில் இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அந்த மூன்று ஜோடிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஒரு ஜோடி தளர்ந்தாலே உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை மொத்தத்தையும் முடக்கிவிடும். மீதி நான்கும் செய்யாத குற்றத்துக்குக் குப்பைக்குப் போகின்றன. அந்த நான்கின் மீது கொண்ட ஆசையில்தான் இதில் இறங்கினேன்.

முதல் பேட்டரியைத் திருப்புளியால் நெம்பித் திறந்தேன். முனை வழுக்கி ஒரு செல்லின் மேலுறையைக் கிழித்தது, பொறி பறந்தது. இந்தப் பேட்டரிகளில் இருக்கும் 18650 என்ற உருளைச் செல்லின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை. நேர்முனை என்பது தலையிலுள்ள சிறு மூடி மட்டுமே. இரண்டுக்கும் இடையே இருப்பது மெல்லிய காப்பு வளையம். அன்றிலிருந்து பிளாஸ்டிக் ஆப்புதான். நிக்கல் பட்டைகளை மூக்குக் குறடால் பிடித்து, ஓலையைச் சுருட்டுவது போல மெல்லச் சுருட்டி எடுப்பேன். பட்டையின் விளிம்பு பிளேடு மாதிரி. கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

பிரித்ததும் மல்டிமீட்டர். 2 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லை உயிர்ப்பிக்க நான் முயல்வதே இல்லை. அவ்வளவு ஆழமாக வடிந்தால் உள்ளே தாமிரத் தகடு கரையத் தொடங்கிவிடும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் வேண்டாத இடத்தில் படிந்து உட்குறுக்குச் சுற்றை (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கலாம். துரு, கசிவு, இனிப்பான கரைப்பான் வாசனை என எது இருந்தாலும் நேராக மின்கழிவுப் பெட்டிக்குத்தான்.

மற்றவற்றை 4.2 வோல்ட் வரை ஏற்றுவேன், செராமிக் ஓட்டின் மேல் வைத்து, அருகிலேயே இருந்து. இளஞ்சூடு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அந்தச் செல்லுக்கு விடை கொடுத்துவிடுவேன். பிறகு சோதனைச் சார்ஜரில் சார்ஜை வடியவிட்டு, எத்தனை மில்லி ஆம்பியர் மணி தருகிறது, அதாவது அதன் கொள்ளளவு எவ்வளவு என்று பார்ப்பேன்.

இந்த எண்ணைத்தான் முதல் ஆண்டு முழுக்கத் தெய்வவாக்காக நம்பினேன். 2,600 என்று அச்சிட்ட ஒரு செல் 2,450 தந்தது. உறையில் எண்ணை எழுதி, பெருமையோடு அவசர விளக்கில் மற்ற ஏழு செல்களுடன் பக்க இணைப்பில் சேர்த்தேன். சில வாரங்கள் கழித்து மின்சாரம் போன இரவில் விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. எட்டையும் பிரித்து, தனித்தனியே நிரப்பி, ஒரு மாதம் சும்மா வைத்தேன். ஏழு செல்கள் 4.1 வோல்ட்டுக்கு மேலேயே நின்றன. அந்த 2,450 மட்டும் 3.6-க்கு இறங்கியிருந்தது. தன்னைத்தானே வடித்துக்கொண்டதோடு, பக்கத்தில் இருந்தவர்களிடமும் உறிஞ்சியிருக்கிறது! சில மணி நேரச் சோதனையில் இந்த மெல்லிய ஒழுக்கு தெரியவே தெரியாது.

அதன் பிறகு, நிரப்பிய தேதியையும் வோல்ட்டையும் உறையில் எழுதி முப்பது நாள் காத்திருக்காமல் எந்தச் செல்லையும் சேர்ப்பதில்லை. நண்பர்கள் கேலி செய்கிறார்கள். ஊறுகாய் போடுகிறாயா என்று. உள்மின்தடையையும் (செல்லுக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை) அளக்கிறேன், ஆனால் சார்ஜர் காட்டும் அளவு, செல்லைச் சற்று அழுத்திச் செருகினாலே மாறுகிறது. தொடும் இடத்தின் தடையைச் சேர்க்காமல் அளக்கும் நான்கு கம்பி மீட்டர் இல்லாவிட்டால் அதை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: பக்க இணைப்பில் சேர்க்கும் முன் எல்லாச் செல்களின் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நிறைந்தது காலியானதற்குள் கட்டுப்பாடின்றிப் பாயும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ் கம்பியும் போடுகிறேன். பற்றவைப்பு இரும்பைச் செல்லின் மீது வைப்பதை விட்டுவிட்டேன்; அந்தச் சூடு உள்ளே போகிறது. செல்லைச் செருகும் தாங்கிகள் போதும்.

விளக்கு இன்றும் எரிகிறது. ஆரம்பத்தில் 2,100 அளவில் இருந்த செல்கள் இப்போது 1,800-ஐ ஒட்டி நிற்கின்றன. எட்டாவது தாங்கி காலியாகவே இருக்கிறது. அதற்கான செல் அலமாரியில் பத்தொன்பதாவது நாளில் இருக்கிறது.