ஒத்தப் பாம்பா, நாடி பார்க்கிற கையா

எங்கட மருத்துவ முகாம் குழுவுக்கு இலச்சினை ஒண்டு வேணுமெண்டு போன வருசம் நாலு பேர் இருந்து மண்டைய உடைச்சம், நான் நிண்டது நாடி பார்க்கிற கைக்குத்தான்.

சிவப்புச் சிலுவைய தொடவே ஏலாது, ஜெனீவா ஒப்பந்தம் பாதுகாக்கிற அடையாளம். ரெட்டைப் பாம்பும் செட்டையும் உள்ள கோல் கிரேக்கத்து ஹெர்மீஸுட, அவர் தூதர், வியாபாரத்துக்கும் சாமி, வைத்தியத்துக்கு இல்ல. 1902ல அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு எடுத்துப் போட்டதுக்குப் பிறகுதான் அங்க நல்லா பரவினது.

மிச்சம் கிரேக்கத்து வைத்தியச் சாமி அஸ்கிளிப்பியஸுட கோல், ஒத்தப் பாம்பு. வைத்தியத்துக்கு உரியது இதுதான், உலக சுகாதார நிறுவனத்துட கொடியிலயும் இரிக்கு. பாம்பு சட்டை கழட்டுற மாதிரி நோயாளி புதுசா எழும்பி வாறார் எண்டு கருத்து சொல்லுவாங்க. ரப்பர் ஸ்டாம்ப்ல அடிச்சாலும் தெளிவா விழும்.

மற்றது லண்டன் ரோயல் கொலிஜ் ஒஃப் பிசிஷியன்ஸ் எண்ட வைத்தியர் சங்கத்துட கேடயச் சின்னம், 1546ல கிடைச்சது. கறுப்புப் பின்னணி, மேல மேகத்துக்குள்ள இருந்து ஒளிக்கதிரோட ஒரு கை இறங்கி வந்து, பக்கத்தால நீட்டின இன்னொரு கையிட நாடிய பார்க்குது, கீழ பொன் நிறத்துல மாதுளம்பழம். கேடயம் அவங்களுக்கு உரியது, நாங்க கை எண்ட யோசனைய மட்டும் எடுத்து புதுசா வரைஞ்சம்.

எனக்கு பெரிய விசயம், விளங்கப்படுத்தாமலே சனத்துக்கு விளங்குதா எண்டதுதான். மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் முதல் முகாமுக்கு ஒத்தப் பாம்பு போட்ட பேனர்தான் கட்டினம், வயல் ஊர், ஒரு அம்மா வந்து "தம்பி, இது பாம்புக்கடிக்கு மட்டுமா, எனக்கு பிரசர்தான்" எண்டு கேட்டுட்டு வரிசைக்கு வெளியிலயே நிண்டா. நாகதம்பிரானுக்கு பால் வைக்கிற ஊருல பாம்ப கண்டா கோயில் ஞாபகம் வரும், இல்லாட்டி வயல் வரம்பு. நாடி அப்படியில்ல, பரியாரியார் மூணு விரல் வச்சு பார்த்ததும் வோட்ல நேர்ஸ் மணிக்கூட்ட பார்த்து எண்ணுறதும் அதே மணிக்கட்டுலதான். மறுகா வவுணதீவுக்கு கை போட்ட பேனரோட போனம், ஒருத்தரும் என்னத்துக்கெண்டு கேக்கல்ல, வயசான ஐயா ஒராள் கதிரையில இருந்த உடனயே கைய நீட்டிட்டார்.

ஸ்டாம்ப்ல மட்டும் கரைச்சல், சின்னதாக்கினா ரெண்டு பேர் கைகுலுக்குற மாதிரி தெரிஞ்சிது, சட்டைக் கைய வெட்டிட்டு விரல பெரிசாக்கின பிறகுதான் சரிவந்தது. சட்டைப் பையில நூலால தைச்சு இன்னும் பாக்கல்ல, அந்த வேலைக்கு ஒத்தப் பாம்புதான் லேசு எண்டு நினைக்கிறன். மாதுளம்பழத்த குழு வேணாமெண்டது எனக்கு இன்னும் மனவருத்தம், வயித்தோட்டத்துக்கு மாதுளம் தோல் அவிச்சுக் குடுத்த வீட்டுல வளந்தவன் நான்.