மாதா மாதம் 100 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தால் சந்தேகப்படுங்கள்

வேலூரில் வெப்சைட்டை நம்பித் தொழில் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "உங்கள் சர்வரை 24 மணி நேரமும் கண்காணிக்கிறோம், விழுந்தால் ராத்திரி ஆனாலும் போன் வரும்" என்று சொல்லி வருடச் சந்தாவை முன்பணமாக வாங்கிய ஒரு உள்ளூர் நிறுவனம் எங்களை ஏமாற்றிவிட்டது. பெயரைப் போடவில்லை. வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால், யார் இப்படி வந்தாலும் நீங்களே பிடித்துவிடலாம்.

நானும் என் தம்பியும் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கமுள்ள சில லாட்ஜ்களுக்கு அறை முன்பதிவுத் தளம் நடத்துகிறோம். வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் வைத்தியத்துக்காக சிஎம்சி மருத்துவமனைக்கு வருகிறவர்கள். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், வங்கதேசம் என்று தூரத்திலிருந்து வருகிறார்கள். ரயிலில் வந்துகொண்டே, நடு ராத்திரியில்கூட, அறை பிடிப்பார்கள். அதனால்தான் கண்காணிப்புக்கென்று தனியாகப் பணம் கட்டினோம்.

ஒரு சனிக்கிழமை இரவு 11 மணி வாக்கில் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுபோனது. முகப்புப் பக்கம் முன்பே சேமித்து வைத்த நகலிலிருந்து (கேஷ்) வந்ததால் பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருந்தது. முன்பதிவுப் பக்கம் மட்டும், சர்வருக்குள் கோளாறு என்று சொல்லும் 500 பிழையைக் காட்டியது. முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பேமென்ட் லிங்க்குகள், பணம் வாங்கித் தரும் கேட்வே நிறுவனத்தின் சர்வரில் இருப்பவை. அதனால் அவை வேலை செய்தன. பணம் போனது, முன்பதிவு மட்டும் எங்களிடம் பதிவாகவில்லை.

காலை 7 மணிக்கு லாட்ஜ் ரிசப்ஷனிலிருந்து போன். "அண்ணா, பணம் கட்டிட்டோம்னு ஒரு குடும்பம் வந்திருக்காங்க, லிஸ்ட்ல பேரே இல்ல." காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தவர்கள். கூட வந்த பெரியவருக்கு மறுநாள் டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர் பெட்டிமேல் உட்கார்ந்திருக்க, மகன் போனில் பணம் போன மெசேஜைக் காட்டிக்கொண்டே நிற்கிறார். தோட்டப்பாளையத்தில் வேறு அறை பிடித்துக் கொடுத்தோம். ஆனால் நோயாளியை அப்படி உட்கார வைத்ததை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கண்காணிப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டால், "எங்க ரிப்போர்ட்ல சர்வர் அப்லதான் சார் இருக்கு" என்கிறார்கள். அந்த மாத ரிப்போர்ட்டும் வந்தது, சர்வர் 100 சதவீத நேரமும் ஓடியது என்று. 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். அதில் 8 மணி நேரம் போனால் 98.9தான் வரும். கேட்வேயின் டாஷ்போர்டில், "பணம் வந்துவிட்டது" என்று எங்கள் சர்வருக்கு அனுப்பித் தோற்றுப்போன தானியங்கித் தகவல்கள் (வெப்ஹுக்) ராத்திரி முழுக்க நேரத்தோடு வரிசையாக இருந்தன. அதைக் காட்டியும் பதில் மாறவில்லை.

அப்புறம் தம்பி சர்வருக்குள் போய் அவர்கள் போட்டிருந்த ஸ்கிரிப்டைத் திறந்தான். குறித்த நேரத்துக்கு வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சின்ன ஸ்கிரிப்ட். அது பிங் செய்த, அதாவது "இருக்கிறாயா" என்று கேட்ட முகவரி 127.0.0.1. எந்த மெஷினும் தன்னையே குறிக்கும் முகவரி அது. சர்வர் தன்னையே கூப்பிட்டு, தானே "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்கிறது. வெளியிலிருந்து ஒரு முறைகூட யாரும் பார்க்கவில்லை. தோல்வி வந்தால் மட்டும் ஒரு கோப்பில் எழுத வேண்டும், அந்தக் கோப்பில் ஒன்றும் இல்லையென்றால் 100 சதவீதம். டிஸ்க் நிரம்பினால் எழுதவே முடியாது, அதுவும் 100 சதவீதம்தான். எச்சரிக்கை மெயில் போக வேண்டிய முகவரியோ எங்கள் டொமைனிலேயே, அதே சர்வரில் இருந்தது. சர்வர் படுத்தால் மெயிலும் படுத்துவிடும். வீட்டுக்குள் பூட்டி வைத்த காவல்காரனுக்கு வாசலில் நடப்பது எப்படித் தெரியும்?

எஸ்எம்எஸ் வரும் என்று சொன்னதும் பேச்சோடு சரி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸின் அனுப்புநர் பெயரும் (ஹெட்டர்) வாசகமும் (டெம்ப்ளேட்) ஆபரேட்டர்களின் டிஎல்டி தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேட்டரே தடுத்துவிடுவார். டெம்ப்ளேட் எண்ணைக் கேட்டபோது, "அப்ளை பண்ணியிருக்கோம் சார்" என்றார்கள். சந்தா வாங்கி எவ்வளவோ நாள் கழித்து!

பிங்குக்குப் பதில் வந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். உங்கள் கடை திறந்திருக்கிறதா என்பது அதில் தெரியாது. பணம் வரும் பக்கத்தையே வெளியிலிருந்து, முடிந்தால் இரண்டு ஊர்களிலிருந்து திறந்து பார்க்க வேண்டும். அங்கே இருக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். எங்களுக்கு அது "அறை காலி" என்ற சொல். டிஸ்க் 80 சதவீதம் தாண்டும்போதே சொல்லியிருந்தால் அந்த ராத்திரியே வந்திருக்காது. தளம் பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழும் டொமைனும் காலாவதியாகும் தேதிகளையும் இதே கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்போது வேறொரு நிறுவனத்தின் சின்ன சர்வரில் அப்டைம் கூமா போட்டிருக்கிறோம். இலவசக் கண்காணிப்பு மென்பொருள், எச்சரிக்கை டெலிகிராமுக்கு வருகிறது. அந்தக் கூமாவே நின்றுவிட்டால் சொல்ல, வெளியே தனியாக இன்னொரு சோதனையும் உண்டு.

யாரிடமாவது பணம் கொடுத்துத்தான் செய்கிறீர்கள் என்றால், கையெழுத்துக்கு முன்னால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வெப் சர்வரை நிறுத்துங்கள். எத்தனை நிமிடத்தில் உங்கள் போன் அடிக்கிறது என்று பாருங்கள். ராத்திரி நேரத்தில் ஒருமுறை சொல்லாமலும் செய்யுங்கள். நல்ல ஆள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மீதி மாதங்களின் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் வைத்திருக்கிறோம். தொழிலுக்காக வாங்கிய சேவை என்று அவர்கள் வாதிடுவார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு, அதை வைத்துத்தான் பேசுகிறோம்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இதே மாதிரி ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் இன்றைக்கே உங்கள் சர்வரின் கிரானையும் அதில் ஓடும் கண்காணிப்பு ஸ்கிரிப்டையும் திறந்து பாருங்கள். 127.0.0.1 அல்லது அதன் பெயரான லோக்கல்ஹோஸ்ட் என்று மட்டும் இருந்தால் அடுத்த தவணையைக் கட்டாதீர்கள்.