ரிச்சி ஸ்ட்ரீட்ல எடுத்த ரெண்டு பழைய சிஸ்கோ சுவிட்ச்: சிசிஎன்ஏ லேப்புக்கு வொர்த்தா?

சிஸ்கோவோட நெட்வொர்க்கிங் பரீட்சையான சிசிஎன்ஏ படிக்க, கம்ப்யூட்டர்லயே சுவிட்ச் ஓட்டிப் பாக்குற பாக்கெட் டிரேசர் சாஃப்ட்வேரே போதும்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் ஆறு மாசம் அதுலதான் ஓட்டுனேன், ஆனா நிஜப் பெட்டிய கையில தொடணும்னு ஒரு வெறி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு மாடிக்கடையில சிஸ்கோ 2960 மாடல் சுவிட்ச் ஒண்ணு, 3560 ஒண்ணு, ரெண்டும் 24 போர்ட், பேரம் பேசி ஆறாயிரத்து ஐநூறுக்கு முடிச்சேன். "ரீசெட் பண்ணித்தான் வெச்சிருக்கேன் தம்பி, சொருகுனா ஓடும்"னாரு கடைக்காரர். ஓடுச்சு, பொய் சொல்லக்கூடாது. லேப்டாப்லேருந்து சுவிட்ச்சுக்கு கமாண்ட் அடிக்க உதவுற கன்சோல் கேபிள் மட்டும் தனியா வாங்கிக்கங்க, பெட்டியோட வராது.

வீட்டுக்கு வந்து ரெண்டையும் ஒரு கேபிள்ல இணைச்சேன், லைட் பச்சையா வந்துருச்சு. ரெண்டு பக்கமும் வீலான் 10 (ஒரே சுவிட்ச்ச தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கிறதுதான் வீலான்) போட்டு ஆளுக்கொரு லேப்டாப் சொருகி பிங் அடிச்சா போகல. அதே லேப்டாப்ப வீலான் 1க்கு மாத்துனா ஜம்முனு போகுது! மண்டை காஞ்சுருச்சு. ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க் அடிச்சா ஒரு வரிகூட வரல, அப்பதான் புரிஞ்சுது, நடுவுல இருக்குற லிங்க் டிரங்கே (எல்லா வீலானையும் ஒரே கேபிள்ல கொண்டுபோற லிங்க்) ஆகல, சும்மா வீலான் 1ல ஆக்சஸ் போர்ட்டா (ஒரே வீலானுக்கு மட்டுமான போர்ட்) உக்காந்திருக்கு.

விஷயம் என்னன்னா இந்த ரெண்டு மாடலுமே ஃபேக்டரி செட்டிங்ல டைனமிக் ஆட்டோ. ஆட்டோன்னதும் தானா டிரங்க் ஆயிடும்னு நெனச்சுட்டேன், என் தப்புதான். எதிர் பக்கம் கேட்டா ஒத்துக்கும், தானா முதல்ல கேக்காது, அவ்ளோதான் ஆட்டோ. ரெண்டு பக்கமும் ஆட்டோன்னா சம்பந்தம் பேச அவங்க வரட்டும்னு ரெண்டு வீடும் காத்திருக்குற கதைதான். ஒரு பக்கமாவது தானா போய் கேக்குற டிசைரபிளோ, நேரா டிரங்க்னோ போட்டாத்தான் காரியம் நடக்கும். இதுக்கும் முந்தின 2950, 3550ல டீஃபால்ட்டே டிசைரபிள், அதனால பழைய ஆளுங்க சொருகுனாலே டிரங்க் ஆயிடும்பாங்க, அவங்க பெட்டிக்கு அது கரெக்ட்டுதான்.

சரின்னு 3560ல டிசைரபிள் போட்டேன். அப்பவும் ஆகல! கன்சோல்ல விடிபி டொமைன் மிஸ்மேட்ச்னு ஒரு மெசேஜ் வந்து விழுது. விடிபின்னா சுவிட்ச்சுங்க வீலான் பட்டியல பகிர்ந்துக்குற முறை, டொமைன்னா அந்தக் கூட்டத்துக்கு வெச்ச பேர். டிரங்க் பேச்சுவார்த்தை நடத்துற டிடிபி, விடிபி டொமைன் பேரையும் சேத்து அனுப்பும், ரெண்டு பக்கமும் வேற வேற பேர் இருந்தா பேச்சு முறிஞ்சுடும். கடைக்காரர் அழிச்சது ஸ்டார்ட்டப் கான்ஃபிக மட்டும், ஃப்ளாஷ்ல வீலான்.டேட்னு இருக்குற ஃபைல் அப்படியே கெடக்கு, டொமைன் பேரெல்லாம் அதுக்குள்ளதான். ஷோ வீலான் அடிச்சா எவனோ ஆபீஸோட அக்கவுண்ட்ஸ், சிசிடிவி எல்லாம் வரிசையா நிக்குது. அந்த ஃபைலயும் டெலிட் பண்ணி ரீலோட் அடிச்சதும் டிரங்க் வந்துருச்சு, 3560ல என்கேப்சுலேஷன் (டிரங்க்ல போற ஃபிரேமுக்கு வீலான் நம்பர் ஒட்டுற முறை) காலம்ல என்-802.1க்யூன்னு காட்டுச்சு. முன்னாடி நிக்கிற அந்த 'என்'தான் பேசி முடிவானதுக்கு அடையாளம். 3560க்கு பழைய முறையான ஐஎஸ்எல்லும் தெரியும், 2960க்கு டாட்1க்யூ (அதே 802.1க்யூதான்) மட்டும்தான், அதனால அதுல வந்து நின்னுச்சு. இதே காரணத்தாலதான் 3560ல நேரா மோட் டிரங்க்னு போட்டா கமாண்ட் ரிஜெக்டட்னு துப்பும், என்கேப்சுலேஷன் டாட்1க்யூன்னு முதல்ல சொல்லிட்டுத்தான் போடணும். பாக்கெட் டிரேசர்ல ஆறு மாசமா வீலான்.டேட் பக்கம் நான் எட்டிக்கூட பாத்ததில்ல, இந்தப் பெட்டி ஒரே ராத்திரியில பாக்க வெச்சிருச்சு, குடுத்த காசுக்கு அதுவே போதும்.

லேப்ல டிடிபிய வெச்சு நல்லா வெளையாடுங்க, ஆபீஸ்ல வேணாம். ஆட்டோல விட்ட போர்ட்ல எவனாவது லேப்டாப்ப சொருகி யெர்சினியா மாதிரி டூல்ல டிடிபி ஃபிரேம் அனுப்பினான்னா போர்ட் டிரங்க் ஆகி எல்லா வீலானும் அவன் கையில. யூசர் போர்ட்டுக்கு மோட் ஆக்சஸ், சுவிட்ச்சுக்கு சுவிட்ச் லிங்க்ல ரெண்டு பக்கமும் மோட் டிரங்க் போட்டு கூடவே டிடிபி பேச்சையே நிறுத்துற நோநெகோஷியேட். டிடிபி சிஸ்கோவோட சொந்த சரக்கு, எதிர்ல வேற கம்பெனி சுவிட்ச்னா எப்படியும் கையாலதான் போட்டாகணும்.

ஃபேன் சத்தத்த மட்டும் மனசுல வெச்சுக்கங்க, ராக்குல கெடக்க வேண்டிய பெட்டிய பெட்ரூம்ல வெச்சா சத்தம் வரத்தான் செய்யும். ராத்திரி பதினொண்ணுக்கு அம்மா வந்து "இந்நேரத்துல யார்றா கிரைண்டர் போட்டது"ன்னு கேட்டாங்க.